கேமரா கேள்வி-பதில்: கடைக்காரர் சொன்னதும் பீரோவில் வைத்ததும்

போன இதழில் "முதல்முறையாக நல்ல கேமரா வாங்குகிறவர்கள் சந்தேகம் கேட்கலாம்" என்று ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருந்தோம். கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெயரோடு போட்டிருக்கிறேன். விலை எதுவும் எழுதவில்லை, இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அது மாறிவிடும்.

மதுரை வாசகர்: சார், குடும்பப் படம், சுற்றுலா, திருவிழா, இவ்வளவுதான் என் தேவை. கடைக்காரர் டிஎஸ்எல்ஆர் எடுங்கள், விலையும் குறைவு, இரண்டு லென்ஸ் கூடவே வரும் என்கிறார். என் மச்சான் மிரர்லெஸ்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

புதிதாக வாங்குவதென்றால் மச்சான் பேச்சைக் கேளுங்கள். டிஎஸ்எல்ஆர் என்பது லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த பழைய வகை, மிரர்லெஸ் அந்தக் கண்ணாடி இல்லாத புது வகை. கேனானும் நிக்கானும் 2018-ல் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லு) மிரர்லெஸ்ஸில் இறங்கின, அப்புறம் இரண்டு கம்பெனிகளின் கவனமும் அந்தப் பக்கமே போய்விட்டது, புது லென்ஸ்களும் அதற்குத்தான் வருகின்றன. கடையில் உங்களுக்குக் காட்டிய டிஎஸ்எல்ஆர் எது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேனான் 1500டி என்றால் அது 2018-ல் வந்தது, 200டி மார்க் 2 என்றால் 2019. மோசமான கேமராக்கள் இல்லை. அந்த இரட்டை லென்ஸ் செட்டில் வரும் 55-250 நிஜமாகவே நல்ல லென்ஸ். ஆனால் முழு விலை கொடுத்து, இனி வளராத ஒரு மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாயின் வகை) போய் ஏன் உட்கார வேண்டும்? அதே டிஎஸ்எல்ஆர் செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்குக் கிடைத்தால் அது வேறு கதை, தாராளமாக வாங்கலாம்.

மிரர்லெஸ்ஸில் உங்களுக்கு உடனே பிடிக்கப் போவது இரண்டு விஷயம். ஆள் எங்கே ஓடினாலும் ஃபோகஸ் கண்ணைப் பிடித்துக்கொண்டே போகும், ஓடி விளையாடுகிற பிள்ளைகளைப் படம் எடுக்கிறவர்களுக்கு இது ஒன்றே போதும். இன்னொன்று, படம் இருட்டாக வருமா வெளுத்துப் போகுமா என்பது கிளிக் செய்வதற்கு முன்பே வியூஃபைண்டரில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தில் தெரியும். நஷ்டம் பேட்டரியில். நிக்கான் டி3500 டிஎஸ்எல்ஆர் ஒரு சார்ஜில் 1550 படம் என்று கம்பெனிக் கணக்கு, சின்ன மிரர்லெஸ்களில் பலவற்றுக்கு அது முந்நூறு நானூறைத் தாண்டாது. ஆகவே இரண்டாவது பேட்டரியையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், அதுவும் கம்பெனி பேட்டரியாகவே.

கடைக்காரர் சொல்லாத ஒன்று: வியூஃபைண்டரே இல்லாத மாடல்கள் இருக்கின்றன. நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 இரண்டும் அப்படித்தான், வீடியோ எடுப்பவர்களை மனதில் வைத்துச் செய்தவை. சித்திரை வெயிலில் தேரோட்டத்துக்கு நடுவே பின்பக்கத் திரையைப் பார்த்துப் படம் எடுத்துப் பாருங்கள், திரையில் உங்கள் முகம்தான் தெரியும். உங்களுக்குக் கேனான் ஆர்50, நிக்கான் இசட்50 மார்க் 2, சோனி ஏ6400 இந்த மூன்றில் எது கையில் சரியாக உட்காருகிறதோ அது. உண்மையைச் சொன்னால் படத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. பிடியில் இருக்கும், சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள்.

ஈரோடு வாசகர்: என் போனில் 200 மெகாபிக்சல். அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் கேமராவில் 24தான். இது என்ன நியாயம்?

உங்கள் போன் சாதாரணமாகச் சேமிப்பது 200 மெகாபிக்சல் படம் இல்லை. பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் சொச்சம் படமாகத்தான் தருகிறது. அந்த சென்சார் ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்கு 7 மில்லிமீட்டர், விரல் நகம் அளவு. நீங்கள் பார்க்கும் கேமராவில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் 23.5-க்கு 15.6, பரப்பில் சுமார் ஐந்து மடங்கு. வெளிச்சத்தை வாங்குவது பரப்புதான். 12-க்கு 8 அங்குல ஆல்பம் பிரிண்டை உயர்ந்த தரத்தில் போட ஒன்பது மெகாபிக்சல்கூட முழுசாகத் தேவையில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள்: அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்து, 3600-ஐ 2400-ஆல் பெருக்க வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது. நல்ல பகல் வெளிச்சத்தில் கேமராவோடு வந்த கிட் லென்ஸில் எடுத்த படம், போன் படத்தைவிட முதல் பார்வைக்கு மங்கலாகத்தான் தெரியும். போன் பல படங்களை ஒரே நேரத்தில் எடுத்து, சேர்த்து, நிறத்தைக் கூட்டி, நிழலைத் தூக்கிக் கொடுக்கிறது. கேமரா அந்த அலங்காரத்தை உங்களிடம் விட்டுவிடுகிறது. அந்த வேலையில் உங்களுக்கு ஆசை இல்லை என்றால் போனிலேயே இருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

கும்பகோணம் வாசகி: மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள், அடுத்த தை மாதம் அரங்கேற்றம். நிக்கான் டி5600, 18-55 லென்ஸ் இருக்கிறது. சலங்கை பூஜையில் எடுத்த படங்களில் கையும் காலும் கலங்கியிருக்கின்றன, முகம் வெள்ளையாகப் போய்விட்டது. பாடியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

வேண்டாம் அம்மா. பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, போதும். லென்ஸ்தான் போதாது.

அந்த 18-55-ஐ முழுசாக ஜூம் செய்தால் அபர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம், எண் குறைந்தால் துவாரம் பெரிது) எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் போட்டால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/20 நொடி என்று காட்டிய அதே மேடையில் 1/200 கிடைக்கும், அவ்வளவு வித்தியாசம். ஆடும்போது கை தெளிவாக வர 1/250-ஆவது வேண்டும், மீதியை ஐஎஸ்ஓ-வை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600, 3200 என்று ஏற்றிப் பிடித்துவிடலாம். படத்தில் கொஞ்சம் மணல் தூவியது போலத் தெரிந்தாலும் பரவாயில்லை, கலங்கிய படத்தை எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது.

லென்ஸ் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நிக்கானில் 50 எம்எம் எஃப் 1.8 என்ற பெயரில் இரண்டு வகை உலவுகின்றன. பழைய 'டி' வகை மலிவு, ஆனால் அதற்குள் மோட்டார் இல்லை, உங்கள் டி5600-லும் அதை ஓட்டும் மோட்டார் இல்லை, ஆகவே ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. 'ஏஎஃப்-எஸ்' என்று லென்ஸிலேயே எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

எங்கே உட்காருவது? மேடையிலிருந்து எட்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேமராவைக் குறுக்காகப் பிடித்தால் இரண்டரை மீட்டர் உயரம் படத்தில் விழும், நின்ற நிலையில் மகள் தலை முதல் சலங்கை வரை வந்து மேலே கொஞ்சம் இடமும் இருக்கும். கையை உயர்த்தும் இடங்களுக்குக் கேமராவை நெடுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள். அதைவிட முன்னால் போனால் பாதம் வெட்டுப்படும், பரதநாட்டியப் படத்தில் பாதம் வெட்டுப்பட்டால் குருவே உங்களை மன்னிக்க மாட்டார்.

முகம் வெள்ளையாகப் போனதற்குக் காரணம் பின்னால் இருக்கும் கறுப்புத் திரை. கேமரா மொத்தச் சட்டத்தையும் பார்த்துவிட்டு 'இருட்டாக இருக்கிறது' என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. பிளஸ்-மைனஸ் போட்ட பட்டனை அழுத்தி மைனஸ் ஒன்றில் வையுங்கள், தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் கீழே. மேடையில் ஊதா, சிவப்பு எல்இடி போட்டுத் தொலைத்திருந்தால் ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) எடுங்கள், வீட்டுக்கு வந்து நிறத்தைச் சரி செய்துகொள்ளலாம்.

இன்னொரு விஷயம், இதற்குக் காசே வேண்டாம். ஜதி ஓடி, அதை முடித்துவைக்கும் தீர்மான அடவு முடிகிற இடத்தில் ஒரு கணம் கண் நிமிர்ந்து அப்படியே நிற்பாள். ஒத்திகையை இரண்டு தரம் உட்கார்ந்து பாருங்கள், அந்த இடங்கள் எல்லாம் உங்களுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து வரும் புகைப்படக்காரருக்கு அது தெரியாது.

நாகப்பட்டினம் வாசகர்: மூன்று வருடம் முன்பு ஆசையாக வாங்கிய கேமரா. ஒரு வருடமாகத் தொடவில்லை, தோல் உறையில் போட்டு பீரோவில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ. நண்பர் அரிசி டப்பாவில் புதைத்து வை, சரியாகிவிடும் என்கிறார்.

அரிசியில் சரியாகாது. அது ஃபங்கஸ், பூஞ்சை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் கடலோர ஊர்களில் லென்ஸ் கீழே விழுந்து உடைவதைவிட இதனால் கெட்டுப் போவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. கடையில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை.

பூஞ்சையின் விதைகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன, லென்ஸுக்குள்ளும் இருக்கின்றன. ஈரம், இருட்டு, அசையாத காற்று, கொஞ்சம் தூசி, விரல் எண்ணெய், இவை சேர்ந்தால் முளைத்துவிடும். நீங்கள் பத்திரம் என்று நினைத்துச் செய்த ஒவ்வொன்றும் அதற்குச் சாதகம்: தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், துணியும் அப்படித்தான், பீரோ இருட்டு. முளைத்த இழைகள் சும்மா இருப்பதில்லை, அமிலம் கக்கும், அது கண்ணாடி மேல் பூசியிருக்கும் கோட்டிங்கை அரிக்கும். அரித்த பிறகு பூஞ்சையைத் துடைத்தாலும் தடம் போகாது.

இப்போது செய்ய வேண்டியது: லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் நாலு இழை மட்டும் என்றால் படத்தில் பெரிதாகத் தெரியாது, சூரியனுக்கு எதிராக எடுக்கும்போது மட்டும் வெளிறும். நடுவில் பரவியிருந்தால் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியதுதான். கொடுப்பதற்கு முன் கூலியைக் கேளுங்கள், கிட் லென்ஸாக இருந்தால் அந்தக் காசுக்கு அதே லென்ஸ் செகண்ட் ஹேண்டில் கிடைத்துவிடலாம். வெயிலில் காய வைக்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி அபர்ச்சர் இதழ்களில் ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் பூதக்கண்ணாடிதான், நேர் வெயிலில் கிடந்தால் எதையாவது பொசுக்கியும் வைக்கும்.

இனிமேல் எப்படி வைப்பது? 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கும் இடத்தில் வைக்காதே என்று நிக்கான் தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஐப்பசி கார்த்திகையில் 60-ஐ எங்கே போய்த் தேடுவது? ஆகவே நாமே செய்துகொள்ள வேண்டும். சமையலறைக்கு வாங்குவோமே, நான்கு பக்கமும் கிளிப், மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா, அதில் பெரியதாக ஒன்று. உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர். கால் கிலோ சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி. மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனாலும் நல்லதில்லை, ரப்பரும் கிரீஸும் காய்ந்துபோகும், அப்போது ஜெல்லைப் பாதியாகக் குறையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், அதற்கென்றே ஒதுக்கிய பழைய தோசைக்கல்லில் சின்னத் தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, நச்சு, வீட்டுக்குள் வறுக்க வேண்டாம், வாங்கவே வேண்டாம்.

இரண்டு மூன்று லென்ஸ் சேர்ந்துவிட்டால் ட்ரை கேபினட் (ஈரப்பதத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின்சார அலமாரி) வாங்கிவிடுங்கள், கரண்ட் மிகக் கொஞ்சமே இழுக்கும்.

அரிசிக்கு வருகிறேன். சாதாரண அரிசி, அறை ஈரத்தை ஓரளவு ஏற்கெனவே குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பொருள், புதிதாக அதிகம் இழுக்காது. அதன் மாவுத்தூள் ஜூம் வளையத்துக்குள் போகும், பூஞ்சைக்கு அதுவும் சாப்பாடுதான். பீரோ என்றதும் அந்துருண்டை ஞாபகம் வருகிறது. அந்துருண்டை, கற்பூரம் இரண்டுக்கும் பக்கத்தில் கேமராவை வைக்காதே என்றும் அதே கையேட்டில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து நாலு கிளிக் செய்யச் சொல்வதும் அதில் உண்டு. எடுத்ததும் பேரப்பிள்ளையோ பூனையோ எதையாவது எடுங்களேன், கேமராவுக்கும் காற்றுப்பட்ட மாதிரி இருக்கும்.

திருப்பூர் வாசகர்: ஒரு கல்யாண போட்டோகிராபர் தன் பழைய நிக்கான் டி7500-ஐ விற்கிறார். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. வாங்கலாமா அண்ணா?

வாங்கலாம், ஆனால் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள் தம்பி. கல்யாண கேமரா நிறைய ஓடியிருக்கும். ஒரு ஜேபெக் படம் எடுத்து அந்த ஃபைலை ஷட்டர் கவுன்ட் காட்டும் இணையதளம் ஏதாவது ஒன்றில் போட்டால், நிக்கானில் எத்தனை கிளிக் என்று வந்துவிடும். டி7500 ஷட்டரை ஒன்றரை லட்சம் தடவைக்குச் சோதித்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. அதைத் தாண்டினால் அன்றே நின்றுவிடாது, ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

அடுத்து, எஃப் 16-ல் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, சுத்தம் செய்துவிடலாம். ஆனால் பிரகாசமான நிறக்கோடு ஒன்று படத்தின் குறுக்கே போனால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ரிசப்ஷன் மேடைகளில் இப்போது போடுகிற லேசர் லைட் நேரே லென்ஸுக்குள் அடித்தால் சென்சார் வெந்துவிடும், அந்தக் கோடு ஆயுளுக்கும் போகாது. நீங்களும் அந்த மாதிரி இடங்களில் ஜாக்கிரதை. லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைக்கும் நீண்ட நேர எக்ஸ்போஷர் ஒன்றும் எடுத்துப் பாருங்கள், இருட்டில் சிவப்பு பச்சைப் புள்ளிகள் நிறைய மினுக்கக் கூடாது. மெமரி கார்டு, பேட்டரி கதவுகள், எல்லா பட்டன்கள், ஃபிளாஷ் மாட்டும் இடம், இவற்றையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள்.

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் பாடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள், திருட்டு கேமராவை வாங்கிவிட்டு ஸ்டேஷனில் நிற்கிற வேலை நமக்கெதற்கு.

சென்னை வாசகி: யுவி ஃபில்டர் கட்டாயம் போடணும் என்கிறார்கள்?

புற ஊதாக் கதிரைத் தடுக்க லென்ஸின் முன்னால் திருகும் கண்ணாடி அது. டிஜிட்டலுக்கு அது தேவையில்லை. மலிவு ஃபில்டர் போட்டால் இரவுப் படங்களில் விளக்குகளுக்கு ஆவி மாதிரி ஒரு நிழல் பிம்பம் வரும். லென்ஸ் ஹுட் (லென்ஸ் முனையில் மாட்டும் குடை போன்ற வளையம்) வாங்குங்கள், இடித்தாலும் அதுதான் முதலில் அடி வாங்கும். மணலும் உப்புக் காற்றும் உள்ள இடத்துக்கு மட்டும் நல்ல ஃபில்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

ராமநாதபுரம் வாசகர்: தனுஷ்கோடிக்கு அடிக்கடி போகிறேன். லென்ஸ் மாற்றும்போது மணல் பயமாக இருக்கிறது. துடைப்பதற்கு வேட்டி நுனி போதுமா?

அங்கே லென்ஸையே மாற்றாதீர்கள். ஒரு லென்ஸைப் போட்டுக்கொண்டு போய், அதிலேயே எடுத்துவிட்டு வாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் காருக்குள், கேமராவை அணைத்துவிட்டு, வாய் கீழே பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு.

வேட்டி நுனி கூடவே கூடாது. லென்ஸ் மேல் ஒரு மணல் துகள் இருந்து நீங்கள் துணியால் தேய்த்தால் அதுவே கோடு போட்டுவிடும். முதலில் கைப்பம்பு மாதிரி இருக்கிற ப்ளோயரால் ஊதுங்கள், அப்புறம் மென்மையான பிரஷ், கடைசியாகத்தான் மைக்ரோஃபைபர் துணி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்து வரும் கேஸ் ஸ்பிரேயை சென்சார் பக்கமே கொண்டுபோக வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பாடியை நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் ஒரு தடவை துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள், உப்பு இருந்தால் திருகாணி எல்லாம் துருப்பிடிக்கும்.

திருச்சி வாசகர்: பைக்கில் கொண்டுபோவது எப்படி?

முதுகுப் பையில். டேங்க் மேலோ பக்கப் பெட்டியிலோ வேண்டாம். லென்ஸுக்குள் கை நடுக்கத்தைச் சரி செய்யும் பகுதி மிதந்துகொண்டிருக்கும், எஞ்சின் அதிர்வு நேராக அதற்குப் போகக் கூடாது. 2021-ல் ஆப்பிளே தன் போன்களைப் பெரிய பைக் ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள் என்று இதே காரணத்துக்காக எச்சரித்தது. உங்கள் முதுகு நல்ல ஷாக் அப்சார்பர்.

சேலம் வாசகர்: மகனின் பிறந்தநாள் படங்கள் இருந்த கார்டைத் தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டேன். போச்சா?

அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் வெளியே எடுத்துவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் போகவில்லை. சாதாரண ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கிறது, படங்கள் அங்கேயே கிடக்கும். மீட்பு சாஃப்ட்வேர் போட்டு, மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். புதுக் கார்டு வாங்குவதானால் 'வி30' என்ற வேகக் குறி அச்சிட்டதாக, பில்லோடு, தெரிந்த கடையில். போலிக் கார்டு நம் ஊரில் தாராளமாகப் புழங்குகிறது.

காரைக்குடி வாசகி: ஆயுத பூஜைக்குக் கேமராவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமா? அப்பா கட்டாயம் வைக்க வேண்டும் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

அப்பா சொல்வதைத் தட்ட வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கேமரா பையின் மேலே ஒன்று, கேமரா வந்த அட்டைப்பெட்டியில் ஒன்று. பாடியிலேயே வைத்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஸ்ட்ராப்பின் தோல் பட்டையில் சந்தனத்தை மட்டும் வைத்து, குங்குமத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அந்தத் தூள் ஜூம் வளையத்துக்குள் போனால் திருப்பும்போதெல்லாம் நரநரவென்று சத்தம் கேட்கும். விபூதி அதைவிட மெல்லிய தூள். பூ வைக்கலாம், ஈரம் இல்லாத பூவாக. லென்ஸைக் கழற்றி வைத்திருந்தால் பாடிக்கும் லென்ஸுக்கும் மூடி போட்டுவிடுங்கள். கற்பூரம் காட்டும்போது அப்பா தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கட்டும், கரி முன் கண்ணாடியில் படியாமல் இருக்கும்.